ஆற்றங்கரைக்கு ஊற்றிய கஞ்சி

என் கணவருக்கு மண் என்றால் செத்த மண்தான். கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். கேளம்பாக்கத்தில் அவர் ஒரு மண் பரிசோதனைக் கூடம் நடத்திவந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடி எழும்பத் தொடங்கியிருந்தது. கட்டப் போகிறவர்கள் கூப்பிட்டால் இவர் போய் நிலத்தில் துளை போடுவார், அடியிலிருந்து மண் எடுத்து வருவார், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்துச் சொல்வார். எந்த மண் வந்தாலும் முதல் வேலையாக ஒரு தட்டில் கொட்டி ஓவனுக்குள் தள்ளிவிடுவார். மறுநாள் வரை அது உள்ளே கிடந்து வேகும். ஈரமெல்லாம் போன பிறகுதான் அவருடைய கணக்கே ஆரம்பமாகும்.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சிட்டிகை மண் என்றால் அதில் ஒரு பெரிய ஊரே குடியிருக்கிறது. முதல் தடவை அவருடைய கூடத்தைப் பார்க்கப் போனபோது ஆசையாக ஓவனைத் திறந்து காட்டினார்.

"இதுவரைக்கும் எத்தனை கோடிப் பேரை இப்படிக் கொன்னிருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னா இப்டி பேசற? ஆளுங்க கீறாங்க," என்றார்.

அப்படித்தான் எங்கள் குடித்தனம் தொடங்கியது. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தை வளர்த்தவர். நாலு ஊர்த் தமிழும் கலந்து பேசும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அவர் படாளத்து விவசாய வீட்டுப் பிள்ளை. 'இருக்கிறது' என்பதை அவர் 'கீது' என்று சொல்லும்போதெல்லாம் நான் சிரிப்பேன். சிரிக்கிறேன் என்று தெரிந்து வேண்டுமென்றே இன்னொரு 'கீது' சேர்ப்பார். எனக்கு முன்கோபம் அதிகம். அவருக்குக் கோபமே வராது, அதனால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

சில வருடங்கள் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம். கொஞ்ச நாள்தான் இருந்தாள். பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். இதை இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லப் பழகுவதற்கே எனக்குப் பல வருடங்கள் ஆயின.

சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அவர் ஊர்க்காரர்களுக்கான இடம் பாலாற்றங்கரையில் இருந்தது. பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. இருந்திருந்தாலும் நான் போயிருக்க முடியாது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அவர்தான் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போனார். அவ்வளவு சின்ன உயிருக்குக் கல் நடுவதோ அடையாளம் வைப்பதோ அங்கே இல்லை. மூடிவிட்டுக் குளித்துவிட்டு வந்தார்கள். அவர் ஈரத் தலையோடு கட்டிலருகில் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று அவரிடம் நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

"மணலு," என்றார். "நல்ல மணலு. வெள்ளையா இருக்கும். வேலிகாத்தான் முள்ளு மொளச்சிகினு கீது. ஆத்துக் காத்து வரும்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டே நான் பல வருடங்களை ஓட்டினேன். படாளத்துக்குப் போகும் பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்ப்பேன். எந்தப் பக்கத்துக் கரை என்றுகூடத் தெரியாது. இரண்டு பக்கமும் பார்ப்பேன். அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வருவார்.

அவள் போய்ச் சில வருடங்கள் கழித்து, வேலையில் இருந்துகொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தேன். கல்லூரி விட்டு வந்து வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, அதுதான் உண்மையான காரணம். பாக்டீரியாவைக் கொண்டு பலவீனமான மண்ணைக் கெட்டிப்படுத்துவது என்ற தலைப்பை என் பேராசிரியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்போது அது ரொம்பப் புதிது. விஷயம் இதுதான். சில பாக்டீரியாக்களுக்கு யூரியாவை உடைக்கத் தெரியும். அவை உடைக்கும்போது கூடவே கால்சியமும் கிடைத்தால், அந்த இடத்தில் சுண்ணாம்பு படியும். கிளிஞ்சலில் இருக்கிறதே, அதே சுண்ணாம்பு. மணலுக்குள் இது நடந்தால், தளர்ந்து கிடக்கும் மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் வேண்டாம், சூளை வேண்டாம். உயிரும் அதற்குத் தீனியும் போதும்.

யூரியாவை உடைக்கும் பாக்டீரியாவுக்கு மாட்டுக் கொட்டகையைவிட நல்ல இடம் ஏது? படாளத்தில் மாமியார் வீட்டுக் கொட்டகையில், மாடு மூத்திரம் பெய்து ஊறிய மண்ணைக் கரண்டியால் சுரண்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் பின்னால் வந்து நின்றார்.

"சாணி வேணும்னா கூடைல தரன். அத்த ஏம்மா சுரண்டற? வூட்டுக்கு எடுத்துகினு போய் இன்னா பண்ணப் போற?"

"வளக்கப் போறேன் அத்தை."

"கீற மாட்ட வளக்கறதுக்கே இங்க ஆளக் காணம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணலை என் அப்பா வீட்டுக்குப் போனபோது மாமல்லபுரத்துக் கடற்கரையிலிருந்து ஒரு சாக்கு அள்ளி வந்தேன். செங்கல்பட்டு வீட்டின் பின்னறையில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை நிற்க வைத்து மணல் நிரப்பினேன். மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தீனி இறங்க வேண்டும். அதற்கு வழி தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தபோது மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் தொங்குவதைப் பார்த்தேன். ஒரு கட்டு வாங்கி வந்து, கம்பி கட்டி, பாட்டில்களை வரிசையாகத் தொங்கவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து அந்த அறை வாசலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். பாட்டில்களையும் டியூபுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எது ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். கழற்றிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே வந்து, வேகமாகச் சொட்டிக்கொண்டிருந்த ஒரு டியூபின் சின்னச் சக்கரத்தை விரலால் திருப்பி, சொட்டை மெதுவாக்கினார்.

"இவ்ளோ வேகமா போனா அதுங்களுக்கு மூச்சு முட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகாமல் அவர் படுக்கப் போனதே இல்லை. பாக்டீரியா வேலை செய்தால் அமோனியா வாடை அடிக்கும். கூட்டம் கூட்டமாக வேலை செய்தால் கண்ணே எரியும். பக்கத்து வீட்டம்மா நாங்கள் கழிவறையைக் கழுவுவதில்லை என்று முடிவு கட்டி, ஒரு நாள் பினாயில் பாட்டிலையே கொண்டுவந்து கொடுத்தார். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் ரொம்ப மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். மதியத்தில் கேளம்பாக்கத்திலிருந்து போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "உயிரோட கீதா?" என்று கேட்பார். சோதனைக்காக நான் கலக்கும் மஞ்சள் சாயநீர் ரோஸ் ஆகிவிட்டால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். "ரோஸ் ஆயிடுச்சு," என்று சொல்வேன். "நல்லது," என்பார். வாழ்நாளெல்லாம் மண்ணைச் சுட்டெடுத்த மனுஷன்.

முதல் குழாயை அறுத்து எடுத்தபோது மணல் கொட்டவில்லை. ஒரு கட்டையாக வெளியே வந்தது. தட்டினால் டொக் டொக் என்றது. சோதித்துப் பார்க்க அவருடைய கூடத்துக்கே எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் இயந்திரத்தில் வைத்து அழுத்தி, எந்தப் பாரத்தில் உடைகிறது என்று பார்க்க வேண்டும். அவர் அன்றாடம் செய்யும் வேலை. கட்டையை இயந்திரத்தில் வைத்தார். கைப்பிடியைப் பிடித்தார். பிறகு மெதுவாக வெளியே எடுத்துவிட்டார்.

"வேற ஒண்ணு பண்ணு," என்றார். "இத்த ஒடைக்க வாணாம்."

அது இன்றைக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அதற்கடுத்த ஐப்பசியில் நல்ல மழை. எத்தனையோ காலமாகக் காய்ந்து கிடந்த பாலாற்றில் தண்ணீர் வந்ததும், எல்லோரும் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மழை விட்ட பிறகு அவர் அம்மாவைப் பார்க்கப் படாளத்துக்குப் போய்வந்தார். பேண்ட் முழங்கால் வரை மணலோடு வந்து, கை கால் கழுவாமல் பின்னறையில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோனேன்.

"கரை சரிஞ்சிகினு கீது," என்றார்.

எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஆற்றில் மணல் அள்ளி அள்ளிக் கரையோரத்தில் பள்ளமாகிக் கிடந்தது. வந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் சுழன்று கரையின் காலை அரித்திருந்தது. வேலிகாத்தான் புதர்கள் சில வேரோடு கீழே கிடந்தன. இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கரை தாங்காது என்றார். பாரம் தாங்குமா தாங்காதா என்று சொல்வதுதான் அவர் தொழில். அதனால் அவர் சொன்னபோது எனக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. என் மகள் இருக்கும் இடம் ஆற்றோடு போகப் போகிறது.

நான் அழுதேன். அழுதுகொண்டே அவரைத் திட்டவும் செய்தேன். "இஞ்சினியர்தானே? கல்லை அடுக்குங்க, எதையாவது பண்ணுங்க!" என்று கத்தினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கல் அடுக்க வேண்டுமென்றால் கரையை வெட்டிச் சரிவாக்க வேண்டும். தடுப்புச் சுவர் என்றால் அடித்தளம் தோண்ட வேண்டும். கரையோரம் இரும்பு முளை அடிப்பதென்றால் பெரிய வண்டி அந்த நிலத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும். "அங்க போய் எப்டி கடப்பார போடச் சொல்ற?" என்று கேட்டார். தொங்கும் பாட்டில்களைப் பார்த்தார்.

"தோண்டாம, இடிக்காம, மேலருந்து தண்ணி மாதிரி ஊத்தறது ஒண்ணுதான் கீது," என்றார். "நீ பண்றது."

குழாய்த் துண்டுக்குள் நடந்தது ஆற்றங்கரையில் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரும் செய்து பார்த்ததாகவும் நான் அப்போது படித்ததில்லை. ஆனாலும் வளர்த்துக் கொடுத்தேன். கரை காய்ந்ததும், கேன்களை பைக்கில் கட்டிக்கொண்டு அவர் தனியாகவே போனார். எப்படி ஊற்ற வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது, "இத்தினி நாளா பாத்துகினுதான கீறன், தெரியும் தெரியும்," என்று கிளம்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க விடிந்ததும் படாளம் போய்விட்டு, அங்கிருந்தே கேளம்பாக்கத்துக்கு வேலைக்குப் போனார். மேலே கல்லு மாதிரி ஆகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு ஒரு கோடை மழை பெய்தது. அடுத்த நாள் ஒரு துண்டை பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அப்பளம் மாதிரி மெல்லிய பொருக்கு. மழைத் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து, அப்படியே பெயர்த்துவிட்டிருந்தது.

"எப்படி ஊத்தினீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் ஒரு டிரம்முல கலந்தன். நல்லா கலக்கி ஊத்திட்டன்."

"எல்லாத்தையும்னா? பாக்டீரியா, யூரியா, கால்சியம், எல்லாத்தையுமா?"

"ஆமா. கலக்காம எப்டி?"

"அப்புறம் தினமும் போனீங்களே, எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெகுளித்தனம். "கியூரிங் பண்ண," என்றார். "தெனம் தண்ணி ஊத்தனன்."

கான்கிரீட் போட்டால் கலக்க வேண்டும், கொட்ட வேண்டும், வாரம் முழுக்கத் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். அவர் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் முதலில் சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல் சிரித்தேன். விடியற்காலையில் அந்தக் கரையில் இவர் ஒற்றை ஆளாக வாளியோடு நின்று, பாக்டீரியாவையெல்லாம் கழுவிக் கழுவி ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது கண்ணுக்குள் வந்தது. பிறகு அதே காட்சிக்காக அழுதேன். ஒவ்வொரு நாளும் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

"இது சிமெண்ட் இல்லைங்க," என்று சொன்னேன். "முதல்ல அதுங்களை மட்டும் உள்ள அனுப்பணும். போய் அங்கங்க உட்காரணும். உட்கார்ந்த பிறகுதான் தீனி. வந்தவங்களை வாசல்லயே நிறுத்தி வாயில சோத்தைத் திணிச்சா உள்ள எப்படிப் போவாங்க?"

தலையாட்டினார்.

"நானே வர்றேன்," என்றேன்.

அவர் பொருக்கைப் பேப்பரில் மறுபடி மடித்தார். "அம்மாவ கேக்கணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் விஷயத்தைச் சொல்லாமல் மழை, மாடு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கரை சரிகிறது, நான் அங்கே போக வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டேன்.

"பொம்பளைங்க அங்க போற வழக்கமில்ல," என்றார் மாமியார். கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. நானும் நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "போய் இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

"ஊத்துவேன் அத்தை. உங்க கொட்டகையில எடுத்தேனே, அதைச் சோயா மாவுக் கஞ்சியில வளர்த்து வச்சிருக்கேன். முதல்ல அந்தக் கஞ்சி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்குத் தீனி. மண்ணு பிடிச்சிக்கும்."

"இவன் போய் ஊத்தனான்ல?"

"தப்பா ஊத்திட்டார்."

மாமியார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "கஞ்சி ஊத்தறதுக்கு ஆம்பளைக்கு இன்னா தெரியும்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தக் கேலி இல்லை. "பெத்தவதான ஊத்தணும். போய்ட்டு வா கண்ணு. வரும்போது தல முழுகிட்டு வூட்டுக்குள்ள வா."

கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கும் பெரிய அண்டா ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதையும் எங்களுக்கு எடுத்துக் கொடுத்தார்.

கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மணல் அவர் சொன்னதுபோலவே வெள்ளையாக இருந்தது, நான் நினைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. உள்ளங்காலில் பட்டதும் நின்றுவிட்டேன். மனதுக்குள் எத்தனையோ விதமாக நான் கட்டி வைத்திருந்த இடம் இதுதான். பயமாக ஒன்றும் இல்லை. காற்று நன்றாக வந்தது. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கரை விளிம்பை ஒட்டி அவர் ஏற்கெனவே கயிறு கட்டி வைத்திருந்தார். நீளமான இடம். ஒரு கல்யாணப் பந்தி போடலாம். அவ்வளவுக்கும் ஊற்ற வேண்டுமென்றால் எத்தனை அண்டா வளர்க்க வேண்டும் என்று எனக்கு மலைப்பாகிவிட்டது.

"இவ்வளவு இடம் எதுக்கு?" என்று கேட்டேன். "அவ எவ்வளவு சின்னவ. அவ இருக்கற இடத்தைச் சுத்திக் கொஞ்சம் கெட்டிப்படுத்தினா போதாதா? எங்கேன்னு காட்டுங்க."

அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"எனுக்குத் தெரியாது," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மூடிட்டு வரும்போது திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க. நான் பாக்கல," என்றார். "கொஞ்ச நாள் கழிச்சி தனியா வந்தன். எல்லா எடமும் ஒரே மாதிரி கீது. மழ பேஞ்சி, ஆடு மேஞ்சி, ஒண்ணும் தெரில. இந்தக் கயித்துக்குள்ளதான் எங்கியோ."

எந்த நிலத்தில் துளை போட்டாலும், அங்கிருக்கும் மரத்திலிருந்தும் மதிலிலிருந்தும் டேப் பிடித்து இடத்தைக் குறிக்காமல் நகராத மனுஷன் அவர். சொந்த மகளைக் கையிலிருந்து இறக்கி வைத்த இடத்தைத் தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறார். பஸ் பாலத்தில் ஏறும்போதெல்லாம் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தது அதனால்தான். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதரை அந்த நிமிடத்தில் எனக்குப் பிடித்த அளவுக்கு அதற்கு முன்னால் பிடித்ததில்லை. அதை அப்போது சொல்லத் தெரியவில்லை. "சரி, எல்லா இடத்துக்கும் ஊத்துவோம்," என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் போயின. செங்கல்பட்டு வீட்டில் அண்டாவில் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, கொட்டகைப் பாக்டீரியாவை விட்டு, மூடி வைப்பேன். நன்றாகப் பெருகியதும் கேன்களில் நிரப்புவோம். கரையில் பூவாளியால் நான் ஊற்றுவேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அது என் கட்டளை. கஞ்சி மணலுக்குள் இறங்கி உட்காரும் வரை காத்திருப்போம். பிறகு யூரியாவும் கால்சியமும் கரைத்த தீனி. மறுவாரம் மறுபடி தீனி. வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வேலிகாத்தான் நிழலில் உட்கார்ந்திருப்போம். அங்கே வைத்துத்தான் அவளைப் பற்றி முதன்முதலாகப் பேசினோம். அவளுக்கு உன் மூக்கு என்றார் அவர். இல்லை, உங்கள் அம்மா மூக்கு என்றேன் நான். அதற்கு ஒரு சண்டையும் போட்டோம்.

ஒரு நாள் தீனி ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது தரையிலிருந்து அமோனியா வாடை எழும்பியது. நான் சொல்வதற்கு முன்னால் அவரே குனிந்து முகர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "உயிரோட கீது," என்று சொல்லிக்கொண்டார். கண்ணீர் அமோனியாவால் வந்தது என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

ஐப்பசி வந்தது. மேலே எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் ஆற்றில் இறங்கியது. படாளத்துச் சாலையிலேயே தண்ணீர் ஓடியதால் பல நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அவர் தினமும் கேளம்பாக்கத்திலிருந்து போன் செய்தார், ஆனால் கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் பேசவில்லை. வெயில் அடித்து வழி திறந்த முதல் காலையில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். ஒற்றையடிப் பாதை முழுக்கச் சேறு. அவர் முன்னால் போனார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் கயிற்றுக்கு வெளியே இருந்த கரை இரண்டு பக்கமும் வெகுதூரம் கரைந்து போயிருந்தது. நாங்கள் ஊற்றிய நீளம் நின்றிருந்தது. உதடு மாதிரி ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு, அரிக்கப்பட்ட முகத்தில் மணல் அடுக்குகள் தெரிய, நின்றிருந்தது. நான் சாமி கும்பிடுவதுபோல் கையெடுத்துவிட்டேன். அப்போதுதான் அவர் நின்ற இடத்தைப் பார்த்தேன்.

மேற்கு ஓரத்தில் ஒரு துண்டு போயிருந்தது. கடித்து எடுத்ததுபோல ஒரு வளைவு. அங்கே தீனி சரியாக இறங்கவில்லையோ, சுழல் அங்கேதான் பலமாக இருந்ததோ, காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. நின்ற கரையை அவர் பார்க்கவே இல்லை. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே ஓடும் செம்மண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலதான் இருந்திருப்பாளோ?" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்தப் பக்கந்தான் எறங்கி வந்தோமோ இன்னாவோ. தெரிலயே. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா..." அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு எதுவும் தெரியாது. மகள் எங்கே இருக்கிறாள் என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆனால் இனி எத்தனை வருடம் ஆனாலும் இந்த மனுஷன் இந்தப் பள்ளத்தின் விளிம்பிலேயே நின்றுகொண்டிருப்பார் என்பது மட்டும் தெரிந்தது. நான் திரும்பி நடந்தேன். நின்றிருந்த கரையின் மேல், வெறுங்காலோடு, மெதுவாக நடந்தேன். காலுக்குக் கீழே தரை கெட்டியாக இருந்தது. ஒரு புதருக்குப் பக்கத்தில் நின்றேன். ஏன் அங்கே நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உட்கார்ந்து தரையில் கையை வைத்தேன்.

"ஏங்க," என்று கூப்பிட்டேன். "இங்க வாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இங்கதான் இருக்கா," என்றேன்.

அந்தக் கரையில் என் மகளை வைத்தபோது நான் இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்க்காமல் ஒரு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர் அவர். எப்படித் தெரியும் என்று கேட்பார், என்ன சொல்வது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. என் கை இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையையும் அங்கே வைத்தார்.

"ஆமா," என்றார். "இங்கதான்."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அந்த இடம் தெரியும்.